ஸ்லோவேனியாவில் ஆறு நாள் பைக் பயணம்: மேற்கா, தென்மேற்கா, கிழக்கா?

ஸ்லோவேனியாவின் பரப்பு இருபதாயிரம் சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். மக்கள்தொகை சுமார் 21 லட்சம். இத்தாலிய எல்லையில் காலைக் காபி குடித்துவிட்டு நெடுஞ்சாலையில் ஏறினால், மதியச் சாப்பாட்டுக்கு ஹங்கேரி எல்லைக்கே போய்விடலாம். பைக்கில் போகிறவர்கள் முதலில் ஏமாறுவது இந்தக் கணக்கில்தான். நாடு சிறியது, ஆறு நாளில் முழுவதையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும்.

முதல் முறை நானும் அப்படித்தான் திட்டம் போட்டேன். கடல், குகை, கோட்டை, கணவாய், ரோமானிய நகரம் என எதையும் விடவில்லை. ஒவ்வொரு நாளும் அருங்காட்சியகம் மூடுகிற நேரத்துக்குப் போய் நின்றேன். சாலை நன்றாக நினைவிருக்கிறது. சாலை கடந்துபோன ஊர்கள் நினைவில் இல்லை. இரண்டாம் முறை ஒரே ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு ஆறு நாளையும் அங்கேயே கழித்தேன். நாடு அப்போதுதான் பிடிபட்டது. அதனால் ஸ்லோவேனியாவுக்கு பைக்கில் போக நினைப்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள்.

தேர்வு மூன்று. ஆல்ப்ஸ் மலையும் சோச்சா நதியும் உள்ள வடமேற்கு, சுண்ணாம்புக்கல் பீடபூமியும் கடற்கரையும் உள்ள தென்மேற்கு, திராட்சைக் குன்றுகளும் ரோமானிய நகரமும் உள்ள கிழக்கு. மூன்றையும் எடைபோட நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றே. வரலாற்றைப் பார்க்க பைக்கை நிறுத்திவிட்டு வேறெங்கோ போக வேண்டியிருக்கிறதா, இல்லை ஓட்டுகிற சாலையிலேயே அது இருக்கிறதா?

வடமேற்கில் சாலையே வரலாறு. கிரான்ஸ்கா கோராவிலிருந்து விர்ஷிச் கணவாய் ஏறி, மறுபக்கம் ட்ரெண்டா பள்ளத்தாக்கில் இறங்கி போவெட்ஸ் போய்ச் சேரும் சாலை சுமார் 45 கிலோமீட்டர். கணவாயின் உயரம் 1,611 மீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் 50. ஏறும் பக்கத்தில் 24, இறங்கும் பக்கத்தில் 26. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண்ணையும் கடல்மட்டத்திலிருந்து அதன் உயரத்தையும் எழுதிய பலகை இருக்கும். வடக்குப் பக்கத்தில் நேர்ப்பகுதிகள் தார், வளைவுகள் மட்டும் கல் பாவியவை. வளைவுக்குள் நுழைந்ததும் டயரின் ஓசை மாறும், கைப்பிடி லேசாக நடுங்கும். கற்களின் முதுகு தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. ஈரமாக இருந்தால் முதல் கியரில் போய், முன் பிரேக்கைத் தொடாமல் திரும்புவதே நல்லது.

இந்தச் சாலையைப் போட்டவர்கள் ரஷ்யப் போர்க்கைதிகள். 1915 மே மாதம் இத்தாலி போரில் இறங்கியதும் சோச்சா நதிக்கரை போர்முனையானது. அங்கிருந்த ஆஸ்திரிய-ஹங்கேரிய வீரர்களுக்கு உணவும் குண்டும் கொண்டுபோக வடக்கிலிருந்து மலையைத் தாண்டி ஒரு வழி வேண்டும். ஆயிரக்கணக்கான கைதிகளை வைத்து இதைப் போட்டார்கள். குளிர்காலத்திலும் பனியை அள்ளிச் சாலையைத் திறந்து வைக்கும் வேலை அவர்கள் தலையில் விழுந்தது. 1916 மார்ச்சில் பெரும் பனிச்சரிவு ஒன்று அவர்களை மூடியது. இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் கணக்குகள் மாறுபடுகின்றன. நூற்றுக்கும் மேல் என்பதில் ஐயமில்லை. உயிர் தப்பியவர்கள் தங்கள் தோழர்களுக்காகக் கட்டிய மரக்கோயில் எட்டாம் வளைவின் அருகே இருக்கிறது. பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுச் சில நிமிடம் ஏறினால் போதும். ரஷ்ய பாணிக் கும்மட்டங்களோடு இரண்டு சிறு கோபுரங்கள், கருத்துப்போன மரப்பலகைச் சுவர், சுற்றிலும் ஊசியிலை மரங்கள். நான் போனபோது வேறு யாரும் இல்லை. கீழே வளைவில் பைக்குகள் கியர் மாற்றும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. அதன்பிறகு மீதி வளைவுகளை என்னால் வேகமாக ஏற முடியவில்லை.

கணவாயின் உச்சியும் வெறும் காட்சிமுனை அல்ல. 1920-இல் ரப்பாலோ ஒப்பந்தத்தில் சோச்சா பள்ளத்தாக்கு இத்தாலிக்குப் போனது. இரண்டு உலகப்போர்களுக்கு இடையில் இத்தாலிக்கும் யூகோஸ்லாவியாவுக்கும் எல்லை இந்த உச்சிதான். 1910-இல் போவெட்ஸில் ஒரு குழந்தை பிறந்தது என்று வையுங்கள். அது பிறந்தது ஆஸ்திரிய-ஹங்கேரியில், பள்ளிக்கூடம் போனது இத்தாலியில். 1943-க்குப் பின் ஜெர்மானியப் படையின் கீழ் வாழ்ந்து, 1947-இல் யூகோஸ்லாவியக் குடிமகன் ஆகியிருக்கும். எண்பது வயது தாண்டி உயிரோடிருந்தால் 1991-இல் ஸ்லோவேனியக் குடிமகனும் ஆகியிருக்கும். எல்லாம் ஒரே வீட்டில் இருந்தபடி.

போவெட்ஸிலிருந்து பிரெடெல் கணவாய்ப் பக்கம் ஏறும் சாலையைப் பலர் மங்கார்ட் மலைக்காகவே எடுக்கிறார்கள். நாட்டிலேயே உயரமான சாலை அது. 2,000 மீட்டருக்கு மேல் போகிறது. 1930-களின் கடைசியில் இத்தாலியர்கள் போட்டது. குறுகலானது, சிறு சுரங்கங்கள் நிறைந்தது, கட்டணம் உண்டு. பாறை சரிந்தால் மேல்பகுதியை மூடிவிடுவார்கள். வானம் தெளிவாக இருந்தால் போகலாம். ஆனால் அந்த அவசரத்தில் லோக் போட் மங்கார்டொம் என்ற சிற்றூரைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அங்கே முதல் உலகப்போர் வீரர்களின் கல்லறைத் தோட்டம் ஒன்று சாலையோரமே இருக்கிறது. நினைவுச்சின்னத்தில் இரண்டு வீரர்கள் நின்று, தாங்கள் போரிட்ட ரோம்போன் மலையை நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஒருவர் தலையில் ஃபெஸ் தொப்பி. பொஸ்னியப் படைப்பிரிவைச் சேர்ந்தவர். அந்த முஸ்லிம் வீரர்களுக்காகப் போர்க்காலத்தில் இந்த ஆல்ப்ஸ் கிராமத்தில் ஒரு மசூதியே கட்டியிருந்தார்கள். இன்று அது இல்லை. சிலை மட்டும் மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

தெற்கே கோபாரிட். 1917 அக்டோபர் 24 அன்று ஜெர்மானிய, ஆஸ்திரிய-ஹங்கேரியப் படைகள் போவெட்ஸ் பக்கம் நச்சுவாயுவை வீசி இத்தாலிய அரணை உடைத்தன. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலிய வீரர்கள் சிறைப்பட்டார்கள். மிச்சப் படை இத்தாலிக்குள் ஓடும் பியாவே நதிவரை பின்வாங்கியது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியத் தளபதியாகப் புகழ்பெற்ற ரோமெல், இளம் அதிகாரியாகப் பெயர் வாங்கியதும் இங்கேதான், மத்தாயூர் மலையில். கோபாரிட் அருங்காட்சியகம் 1990-இல் திறந்தது. வெற்றியையும் தோல்வியையும் ஒதுக்கிவிட்டு மலைமேல் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படிச் செத்தார்கள் என்பதையே காட்டுகிறார்கள். காலையில் போங்கள். மாலையில் போனால் அன்றிரவு தூக்கம் வராது.

டோல்மினுக்கு மேலே யாவோர்ட்சா தேவாலயம். போருக்கு நடுவில், 1916-இல், ஆஸ்திரிய-ஹங்கேரிய வீரர்களே இதைக் கட்டினார்கள். குறுகிய மலைச்சாலையில் ஏறி, கடைசிப் பகுதியை நடந்து கடக்க வேண்டும். உள்ளே சுவரோரம் மரப்பலகைகள் கீல் வைத்துப் புத்தகத் தாள்கள்போல் திறக்கின்றன. வெடிமருந்துப் பெட்டிகளைப் பிரித்தெடுத்த பலகைகள் அவை. இறந்துபோன இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட தோழர்களின் பெயர்களை அவற்றில் சூட்டுக்கோலால் எழுதியிருக்கிறார்கள். விரலால் தடவினால் எழுத்தின் பள்ளம் தட்டுப்படும்.

இந்த வழியின் குறையையும் சொல்ல வேண்டும். ஆகஸ்டில் விர்ஷிச் சாலையில் கேம்பர் வேன்களும் மிதிவண்டிக்காரர்களும் வரிசைகட்டி நிற்பார்கள். குளிர்காலத்தில் பனியால் கணவாயை மூடிவிடுவார்கள், வசந்தம் வந்துதான் திறப்பார்கள். மழை பிடித்தால் இரண்டு நாள் வீணாகலாம். பார்ப்பவை பெரும்பாலும் மரணத்தைப் பற்றியவை என்பதால், உடன் வருபவருக்கு மனம் கனத்துப்போகவும் கூடும்.

தென்மேற்கு அதற்கு நேர்மாறு. எல்லாரையும் சந்தோஷப்படுத்தும் பகுதி. தலைநகர் லியூப்லியானாவிலிருந்து போஸ்டோய்னா சுமார் 50 கிலோமீட்டர்தான். பாறைக்குகையின் வாயில் செருகியதுபோல் நிற்கும் பிரெட்யாமா கோட்டை, 1580-இல் தொடங்கிய லிபிட்சா குதிரைப் பண்ணை, 1986-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஷ்கோட்சியான் குகைகள் எல்லாம் ஒரே மூலையில் இருக்கின்றன. சுண்ணாம்புக்கல் கரைந்து உருவாகும் நிலத்துக்கு உலகம் முழுவதும் 'கார்ஸ்ட்' என்கிறார்களே, அந்தச் சொல் இந்தக் க்ராஸ் பீடபூமியின் பெயரிலிருந்து வந்தது. ஷ்கோட்சியானில் ரேகா நதி மலைக்குள் புகுந்து மறைகிறது. இத்தாலியில் கடலோரத்தில்தான் மீண்டும் வெளியே வருகிறது. குகைக்குள் ஒரு பாலம் ஆற்றுக்கு 45 மீட்டர் உயரத்தில் போகிறது. கீழே தண்ணீர் இரைவது கேட்கும், கண்ணுக்குப் பாதிதான் தெரியும்.

ஆனால் பைக்கில் போகிறவனின் கண்ணோடு பார்த்தால், இங்கே பார்க்க வேண்டியவை நிலத்துக்குக் கீழேயோ சுவருக்குள்ளேயோதான் இருக்கின்றன. குகைக்குள் நூற்றுக்கணக்கான படிகள். ரைடிங் பூட்ஸும் கனத்த ஜாக்கெட்டுமாக நடக்க வேண்டும், இல்லையேல் அவற்றை வைக்க இடம் தேட வேண்டும். கடற்கரை மொத்தமே 50 கிலோமீட்டருக்குள். கோடையில் அங்கே முழுநாளும் வாகன நெரிசல். பிரான் நகரின் வெனிஸ் காலத்துச் சந்துகள் மிக அழகு, ஆனால் வண்டியை ஊருக்கு வெளியே விட்டுவிட்டுப் போவதுதான் நல்லது. இந்தப் பகுதியில் நான் விரும்பி பைக்கைத் திருப்பும் இடம் ஹ்ராஸ்டோவ்லியே. மதிலுக்குள் ஒரு சிறு கல்கோயில். 1490-இல் யானெஸ் என்ற ஓவியர் தீட்டிய மரண நடனம் உள்ளே சுவரில் இருக்கிறது. போப்பாண்டவர், அரசன், வியாபாரி, பிச்சைக்காரர், தொட்டிலிலிருந்து எழுந்துவரும் குழந்தை என ஒவ்வொருவர் கையையும் ஓர் எலும்புக்கூடு பிடித்து அழைத்துப்போகிறது. சுண்ணாம்புப் பூச்சுக்கடியில் நூற்றாண்டுகளாக மறைந்திருந்த இந்த ஓவியம் 1949-இல்தான் வெளியே வந்தது.

தென்மேற்கைத் தேர்ந்தெடுப்பவர்கள் புர்யா காற்றை மறக்கக் கூடாது. குளிர்மாதங்களில் விபாவா பள்ளத்தாக்கில் மலையிலிருந்து திடீரென்று இறங்கும் காற்று அது. ஓடு பறக்காமலிருக்க அங்கே கூரைமேல் கல் அடுக்கி வைப்பது வழக்கம். காற்று மிஞ்சினால் விரைவுச்சாலையில் சில வகை வாகனங்களை விடமாட்டார்கள். கி.பி. 394-இல் ரோமப் பேரரசர் தியோடோசியஸ் தன் எதிரியான யூஜீனியஸை வென்ற போர் இந்தப் பள்ளத்தாக்கில்தான் நடந்தது. காற்று எதிரிப்படையின் முகத்தில் அறைந்து, அவர்கள் எய்த அம்பையே திருப்பிவிட்டதாகப் பழைய ஆசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். பக்கவாட்டில் ஒரு முறை அந்தக் காற்றை வாங்கியவர்களுக்கு இதை நம்புவதில் சிரமம் இருக்காது.

கிழக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அது அநியாயம். ப்டூய் ஸ்லோவேனியாவின் மிகப் பழைய நகரம். ரோமானியர்கள் வைத்த பெயர் பொயெட்டோவியோ. கி.பி. 69-இல் வெஸ்பாசியனைப் பேரரசராக்கப் போரை எப்படி நடத்துவது என்று தான்யூப் படைத்தளபதிகள் கூடி முடிவெடுத்தது இங்கே. நகரின் நடுவே ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரப் பளிங்குக்கல் ஒன்று நிற்கிறது. ரோமானியக் கல்லறைக்கல், கிரேக்கப் புராணப் பாடகன் ஆர்ஃபியஸ் யாழ் மீட்டும் சிற்பம் உள்ளது. இடைக்காலத்தில் குற்றவாளிகளைக் கட்டிவைக்க அதையே கம்பமாக்கியிருக்கிறார்கள். செல்யே கோட்டையை ஆண்ட பிரபுக்களின் மூன்று நட்சத்திரங்கள் இன்று நாட்டுக் கொடியில் இருக்கின்றன. இந்த வழியைப் பைக்காரர்கள் குறிப்பாக மதிக்க வேறொரு காரணமும் உண்டு. ப்டூய்க்குப் பக்கத்திலுள்ள சகுஷாக் கிராமத்தில் 1862-இல் பிறந்தவர் யானெஸ் பூஹ். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரம் போய், தன் பெயரில் பூச் (Puch) மோட்டார் சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கியவர் அவரே. பிற்காலத்தில் கோபர் துறைமுகத்தில் டோமோஸ் மொபெட்டுகள் உருவானதும் பூச் உரிமத்தோடுதான்.

கிழக்குச் சாலைகள் மென்மையானவை. குன்று, திராட்சைத் தோட்டம், மீண்டும் குன்று. புதிதாக ஓட்டுபவர்களுக்கும் பின்இருக்கையில் துணையோடு போகிறவர்களுக்கும் இதைவிட நிம்மதியான வழி அந்த நாட்டில் இல்லை. மலை வேண்டுமென்றால் வடக்கே லோகார் பள்ளத்தாக்கு இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பெரிய இடத்துக்கும் நடுவே தூரம் அதிகம். லியூப்லியானாவிலிருந்து ப்டூய்க்கே நெடுஞ்சாலையில் சுமார் 130 கிலோமீட்டர். ஆறு நாளில் ஒன்றரை நாள் சலிப்பான சாலையில் போய்விடும்.

என் முடிவு வடமேற்கு. முதல் முறை போகிறவர்களுக்கும், ஒரே முறைதான் போக முடியும் என்பவர்களுக்கும் அதுவே. ஓட்டும் சுகமும் அறிந்துகொள்ளும் நிறைவும் ஒரே சாலையில் கிடைப்பது அங்குதான். மலைவளைவில் ஓட்டிப் பழக்கமே இல்லாதவர்கள் மட்டும் கிழக்கைத் தேர்ந்தெடுங்கள். குடும்பத்தோடு காரிலும் பைக்கிலுமாகப் போகிறவர்களுக்குத் தென்மேற்கு சரி.

வடமேற்கு என்று முடிவானபின் இன்னும் சில தேர்வுகள் இருக்கின்றன. வடக்கிலிருந்து தெற்காகப் போங்கள். கல் பாவிய வளைவுகளில் ஏறுவது எளிது, ஈரத்தில் இறங்குவது கடினம்.  தினம் ஓர் ஊரில் தங்குவதா, ஓரிடத்தில் தங்கிச் சுற்றுவதா என்றால் நான் நடுவழியைச் சொல்வேன். கிரான்ஸ்கா கோராவில் ஓர் இரவு, போவெட்ஸில் இரண்டு, கோபாரிட் அல்லது டோல்மினில் இரண்டு. பெட்டிகளை அறையில் விட்டுவிட்டு வெறும் வண்டியோடு மங்கார்டும் யாவோர்ட்சாவும் ஏறுவது எவ்வளவு இலகு என்பது ஏறினால் தெரியும்.

கடைசி நாள் டோல்மினிலிருந்து செர்க்னோ, இத்ரியா வழியாகத் தலைநகர் திரும்பலாம். செர்க்னோ அருகே ஒரு மலையிடுக்கில் ஃப்ரான்யா மருத்துவமனை இருக்கிறது. 1943 டிசம்பர் முதல் 1945 மே வரை ஜெர்மானியர்களுக்குத் தெரியாமல் அங்கே மரக்குடில்களில் காயம்பட்ட போராளிகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். வழி தெரியாமலிருக்க நோயாளிகளின் கண்ணைக் கட்டித் தூக்கிவந்தார்கள். 2007 வெள்ளம் குடில்களை அடித்துக்கொண்டு போனது. 2010-இல் மீண்டும் கட்டினார்கள். இத்ரியாவில் சுமார் 500 ஆண்டுகள் பாதரசம் எடுத்த சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்க்கலாம். இந்தச் சுற்று முழுவதும் 400 கிலோமீட்டருக்குள் அடங்கும். குறைவு என்று தோன்றினால் அந்த எண்ணத்தைத் தள்ளிவையுங்கள், நாள் போதாது.

வண்டி விஷயத்தில் பெரியதை எடுக்காதீர்கள். 500 முதல் 700 சிசிக்குள், இரண்டு காலும் தரையில் ஊன்றும் உயரத்தில் இருந்தால் போதும். ஷெங்கன் விசாவோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். அதில் மோட்டார் சைக்கிள் பிரிவில் முத்திரை இருக்கிறதா என்று புறப்படும் முன் பாருங்கள். நெடுஞ்சாலைக்குப் பைக்குக்கும் மின்வின்யெட், அதாவது முன்கூட்டிக் கட்டும் மின்னணுச் சாலைக் கட்டணச் சீட்டு, கட்டாயம். வாடகை வண்டியில் ஏற்கெனவே உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் செப்டம்பர், இல்லையேல் ஜூன். கிரான்ஸ்கா கோராவிலேயே டாங்க்கை நிரப்பிவிடுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் போவெட்ஸில் உருளைக்கிழங்கும் பாலாடைத் தயிருமான சோம்பே கேளுங்கள், வயிறு நிறையும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நாம் இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள். வாகன நடமாட்டம் உள்ள சாலையில் வலப்பக்கம் ஓட்டுவது அரைமணி நேரத்தில் பழகிவிடும், முன்னால் போகிறவரே வழிகாட்டுவார். ஆபத்து வெறிச்சோடிய சாலையில்தான். காட்சிமுனையில் நிறுத்திப் படம் எடுத்துவிட்டு மறுபடி கிளம்பும்போது, கண்முன் யாருமில்லை என்றால் கை தானாக இடப்பக்கம் இழுக்கும். ட்ரெண்டாவில் எனக்கு அது நேர்ந்தது. எதிரே வந்த கார் மெதுவாக வந்ததால் தப்பினேன். அன்று முதல் டாங்க்கின் மேல் வலப்பக்கம் காட்டும் அம்பு ஒன்றை ஒட்டிக்கொண்டேன். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளட்சை விட்டேன்.

எனக்கு அடுத்தது கிழக்கு. மே மாதம், ப்டூயில் மூன்று இரவு. முதல் நாள் காலையே சகுஷாக் போக வேண்டும்.